ப்ளூநோஸ் மரக்கப்பல் கிட்: உடல் மட்டும், பெயிண்ட் உலர்ந்த பிறகு

பாய்மரங்கள் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு கயிறுகூடக் கட்டவில்லை. இருந்தாலும் இப்போதே எழுதிவிடத் தோன்றியது, ஏனென்றால் துண்டுகளை ஒட்டிச் சிறிய அளவில் கப்பல் செய்யும் இந்த கிட்டை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்குத் தேவைப்படும் பதில் கப்பலின் உடலில்தான் இருக்கிறது. வங்குகளை, அதாவது உடலுக்கு விலா எலும்பு போல வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் மரக்கீற்றுகளை ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து முடிக்க எனக்கு நாலரை மாதம் ஆனது. அதில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நான் 26 வருடமாகத் தையல் தொழிலில் இருப்பவள். இது என் இரண்டாவது கிட். முதலாவது ஒரு சின்னத் துடுப்புப் படகு. அதற்கு வார்னிஷ் மட்டும்தான், பெயிண்ட் கிடையாது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ப்ளூநோஸைப் பல நிறுவனங்கள் கிட்டாக விற்கின்றன, நான் திறந்து பார்த்ததோ ஒரே ஒரு பெட்டி. அதை வைத்து ஒரு நிறுவனத்தையே எடைபோட எனக்கு மனம் வரவில்லை. இந்த வகை கிட் எதை வாங்கினாலும் பார்க்க வேண்டிய இடங்கள் ஏறக்குறைய இவைதான்.

கப்பலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ப்ளூநோஸ் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் லூனன்பர்க் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1921 மார்ச் 26 அன்று கடலில் இறக்கப்பட்ட இரட்டைப் பாய்மரக் கப்பல். வடிவமைத்தவர் வில்லியம் ரூவே. கிராண்ட் பேங்க்ஸ் கடலில் காட் மீன் பிடிக்கவும் வேண்டும், மீன்பிடிக் கப்பல்களுக்கான பந்தயத்தில் ஜெயிக்கவும் வேண்டும் என்று இரண்டுக்குமாகக் கட்டினார்கள். இரண்டையும் செய்தது. 1937-லிருந்து கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் பாய் விரித்துப் போகும் கப்பலும் இதுதான். 1946-இல் ஹைட்டி அருகே பவளப்பாறையில் மோதி முடிந்துபோனது. நிஜக் கப்பலின் நீளம் சுமார் 43.6 மீட்டர். என் கிட் 1:75 அளவு என்பதால் உடல் ஏறக்குறைய 58 சென்டிமீட்டர் வருகிறது.

பந்தயத்துக்கான உடல் என்பதால் இதில் நேர்க்கோடே இல்லை. முன்பக்கம், அதாவது அணியம், தண்ணீருக்கு மேல் நீண்டு சரிகிறது. பின்பக்கம், அமரம், அதைவிட நீளமாகத் தண்ணீரை விட்டு மேலெழும்புகிறது. நடுவில் வயிறு உருண்டு, கீழே ஏராவை, அதாவது முதுகெலும்பு போல நீளவாக்கில் ஓடும் அடிக்கட்டையை, நெருங்கும்போது உள்வாங்கி மறுபடி நேராகிறது. பெட்டி மாதிரி அகலமான சரக்குக் கப்பலில் கீற்று ஒட்டும்போது செய்யும் பிழை மறைந்துவிடும். இந்த உடலில் மறையாது. அதன் மேல் பளபளக்கும் கறுப்புப் பெயிண்ட் வேறு வருகிறது.

சரி, பெட்டி. மரம் அருமை. முதலில் அதைச் சொல்ல வேண்டும். பிளைவுட்டில் லேசரால் வெட்டிய 14 வங்குகள், ஏராவுக்கான நீளத் துண்டு, முதல் அடுக்குக்கு 1.5 மி.மீ. தடிமனும் 5 மி.மீ. அகலமும் உள்ள பாஸ்வுட் கீற்றுகள், இரண்டாவது அடுக்குக்கு 0.6 மி.மீ. வால்நட் கீற்றுகள். பாஸ்வுட்டை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நூலோட்டம் பார்க்காமல் நான் துணியையே வெட்ட மாட்டேன், மரத்துக்கும் அதேதான். நூற்றில் ஐந்தாறு கீற்றுகளில் மட்டும் நரம்பு குறுக்கே ஓடியது. அவற்றைத் தனியாக வைத்துவிட்டேன், ஏனென்றால் வளைக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். மிச்சம் எல்லாம் நேரான நரம்பு, ஒரே அகலம்.

ஏராத் துண்டு மட்டும் கோணியிருந்தது. மேசைமேல் வைத்தால் ஒரு முனை இரண்டு மி.மீ. தூக்கி நின்றது. பிளைவுட்டில் இது நடக்கக்கூடியதுதான். லேசாக ஈரப்படுத்தி, இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி மூன்று நாள் விட்டேன், நிமிர்ந்துவிட்டது. இதைப் பார்க்காமல் வங்குகளைப் பொருத்தினால் கப்பல் முழுக்க வாழைப்பழம் போல வளைந்துவிடும், பிறகு எதைச் செய்தும் நிமிர்த்த முடியாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. லேசர் வெட்டிய இடத்தில் கருகிய விளிம்பைச் சுரண்டிவிட்டு ஒட்டச் சொல்லியும் இல்லை. கருகல் மேல் பசை சரியாகப் பிடிக்காது.

வங்குகளின் விளிம்பைச் சாய்வாகத் தேய்ப்பதற்குக் கையேடு ஒரு படம் ஒதுக்கியிருக்கிறது. எனக்கு அந்த வேலை ஒன்பது ராத்திரி எடுத்தது. நடு வங்குகளில் ஏறக்குறைய ஒன்றுமே எடுக்க வேண்டாம். முன்னும் பின்னும் போகப் போகச் சாய்வு அதிகமாகும். ஒரு கீற்றை நாலைந்து வங்குகளின் மேல் படிய வைத்துப் பாருங்கள். எல்லா விளிம்பிலும் முழு அகலத்துக்குப் படிந்து உட்கார வேண்டும். ஒரு வங்கில் மட்டும் மேடாக ஏறினாலும், ஒன்றைத் தொடாமல் தாண்டினாலும், கடைசியில் பெயிண்டுக்குப் பிறகு அந்த இடத்தில் அலை தெரியும். அணியத்தில் முதல் இரண்டு வங்குகளுக்கு நடுவே மரக்கட்டை வைத்து அடைத்து, வளைவுக்குத் தேய்த்துக்கொண்டேன். கிட்டில் அந்தக் கட்டை கிடையாது. கொடுத்திருக்க வேண்டும். கீற்றின் முனை திரும்பும் இடத்தில் ஒட்டுவதற்கு ஏதாவது இருந்தால்தானே அது நிற்கும்?

அப்புறம் கீற்று ஒட்டுவது. இந்த கிட் மேல் எனக்குப் பெரிய வருத்தம் இங்கேதான். கையேடு சொல்வது இவ்வளவுதான்: தளத்தின் விளிம்பிலிருந்து முழுக் கீற்றாக ஒட்டிக்கொண்டே கீழே வாருங்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் அந்த இடத்தில் சீவிவிடுங்கள்.

இடது பக்கத்தில் முதல் நாலு கீற்றுகளை அப்படியே ஒட்டினேன். நாலாவது கீற்று அணியத்தில் படிய மறுத்தது. அழுத்தினால் கீழ் விளிம்பு வங்கை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்போதுதான் உட்கார்ந்து அளந்தேன். நடு வங்கின் மேல் தளத்திலிருந்து ஏரா வரை ஒரு காகித நாடாவைச் சுற்றிப் பார்த்தால் 100 மி.மீ. கீற்றின் அகலம் 5 மி.மீ., ஆக ஒரு பக்கத்துக்கு 20 கீற்றுகள். அணியத்தில் அதே அளவு 68 மி.மீ.தான். அந்த 20 கீற்றும் அங்கேதான் போய் முடிய வேண்டும். 68-ஐ 20-ஆல் வகுத்தால் 3.4. ஒவ்வொரு கீற்றும் நடுவில் 5 மி.மீ. அகலத்தில் இருந்து, முன்னால் போகப் போக 3.4-க்குக் குறுக வேண்டும். முழு அகலத்திலேயே கொண்டுபோனால் பதினாலாவது கீற்றுக்குள் அணியம் நிரம்பிவிடும். மீதி ஆறும் முனை சிறுத்து, நடுவழியில் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

இது பேனல் பாவாடை கணக்கு. இடுப்பில் குறைவு, கீழே அதிகம், பேனல்களின் எண்ணிக்கை ஒன்றே; ஒவ்வொரு பேனலும் மேலே குறுகினால்தான் எல்லாம் சேர்ந்து உட்காரும். எந்தத் தையல்காரரும் நேர்த்துண்டுகளைத் தைத்துவிட்டு இடுப்பில் மிஞ்சுவதை வெட்டி எறிய மாட்டார். அந்த நாலு கீற்றுகளையும் ஈரத்துணி வைத்து, இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் வெள்ளைப் பசையை இளக்கிப் பிரித்தேன். நல்ல வேளையாக உடனே ஒட்டும் பசையைப் பயன்படுத்தவில்லை.

பிறகு 14 வங்குகளுக்கும் காகித நாடா வெட்டினேன். ஒவ்வொன்றையும் 20 சம பாகமாகக் குறித்து, அந்தக் குறிகளை வங்கின் விளிம்புக்கு மாற்றினேன். கீற்றை எடுத்து, ஒவ்வொரு வங்குக்கும் உரிய அகலத்தை அதில் பென்சிலால் குறித்து, எஃகு ஸ்கேல் வைத்துச் சீவி, உப்புத்தாளில் நேராக்கினால் அது தானாகவே தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்கிறது. அந்தப் படிதலைக் கையில் உணர்ந்தபோது வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? உடம்புக்குச் சரியாக வெட்டிய துணி தோளில் விழும்போது வரும் அதே நிம்மதி. இந்த அளவுகளைத் தயாரிப்பாளரே ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டிருக்கலாம். ஒரே ஒரு தாள்.

ஒரு எல்லை இருக்கிறது: கீற்றை அதன் பாதி அகலத்துக்குக் கீழே குறுக்கக் கூடாது. அப்படிச் செய்தால் முனை வலுவில்லாமல் ஒடியும். இந்தக் கப்பலில் 3.4 என்பதால் அந்தப் பிரச்சினை வரவில்லை. அமரத்தில்தான் கதை தலைகீழ். அங்கே அளவு 112 மி.மீ. 20 கீற்றும் முழு அகலத்தில் போனாலும் 12 மி.மீ. காலியாக இருக்கும். அக்குளில் துணி இழுக்காமலிருக்க ஒரு சின்ன முக்கோணத் துண்டு வைத்துத் தைப்போமே, அதைப் போல, முன்னால் கூர்ந்து பின்னால் அகன்ற துண்டுகளைக் கீற்றுகளுக்கு நடுவில் செருக வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று வைத்தேன். இதற்கும் கையேட்டில் படம் இல்லை.

வளைப்பதில் ஒரு விஷயம். கீற்றைத் தட்டையான பக்கமாக வளைப்பது சுலபம். அகலவாக்கில் அது வளையவே வளையாது, கட்டாயப்படுத்தினால் ஒரு விளிம்பு எழும்பும். தட்டையாக வளைக்க, வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் மெதுவாக அழுத்தினேன். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடச் சொல்கிறது கையேடு. செய்யாதீர்கள். ஊறிய கீற்று அகலத்தில் உப்பியிருக்கும். ஒட்டிய பிறகு காய்ந்து சுருங்கி, இரண்டு கீற்றுக்கு நடுவே கோடு விடும். சுருங்கும் துணியை நனைத்துக் காயவைக்காமல் நான் வெட்டுவதே இல்லை. அதனால் ஊறிய கீற்றைக் கிளிப் போட்டு அதன் இடத்திலேயே ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் எடுத்துப் பசை போட்டு ஒட்டினேன். ஒரு நாளைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தையே ஒட்டிக்கொண்டு போனால் அந்த இழுப்பில் ஏரா முறுக்கிக்கொள்ளும்.

கிட்டோடு வந்த பித்தளை ஆணிகளை முழுக்க அடிக்காமல் பாதி வரை செருகி, பசை காய்ந்ததும் பிடுங்கிவிட்டேன். நல்ல ஆணிகள், வளையவில்லை.

இனி இரண்டாவது அடுக்கு. வால்நட் அழகான மரம். ஆனால் இந்தக் கப்பலின் உடல் முழுக்கப் பெயிண்டுக்கு அடியில் போகப்போகிறது. அந்த அழகை யார் பார்ப்பது? அதோடு வால்நட்டின் துளைகள் பெரியவை. ஒரு துண்டுப் பலகையில் பாதிக்கு வால்நட்டை ஒட்டி, மறுபாதியை பாஸ்வுட்டாகவே விட்டு, இரண்டின் மேலும் ஒரே பிரைமரும் ஒரே கறுப்பும் அடித்துப் பார்த்தேன். பாஸ்வுட் பக்கம் இரண்டு கோட் பிரைமரில் கண்ணாடியாக ஆனது. வால்நட் பக்கம் மூன்று கோட்டுக்குப் பிறகும் ஊசியால் கீறியது போலச் சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தன. 0.6 மி.மீ. மரத்தை அதிகம் தேய்க்கவும் முடியாது, கீழே உள்ள அடுக்கு வெளியே வந்துவிடும். அதனால் இரண்டாவது அடுக்கை ஒட்டவே இல்லை.

முதல் அடுக்கில் நடந்த பிழைகளை மூட இரண்டாவது அடுக்கு உதவும் என்பது உண்மைதான். முதல் கிட் செய்பவருக்கு அது தேவைப்படலாம். அப்படியானால் அதையும் நெருக்கமான நரம்புள்ள மரத்தில் கொடுங்கள் என்றுதான் தயாரிப்பவர்களிடம் கேட்பேன். நீங்களும் என்னைப் போல ஒரே அடுக்கில் நிறுத்தினால் ஒன்றை மறக்காதீர்கள்: அணியத்தின் முன்கட்டையும் ஏராவும் இரண்டு அடுக்குக்குக் கணக்கிட்ட தடிமனில் வருகின்றன. இரண்டு பக்கமும் அந்த 0.6 மி.மீ. துருத்தி நிற்கும். கீற்று வந்து உட்காரும் காடியை வெட்டும்போதே இதைக் கணக்கில் எடுங்கள். நான் கடைசியில் தேய்த்துச் சரிசெய்தேன், இருமடங்கு வேலை.

பட்டி பார்ப்பதும் தேய்ப்பதும் மூன்று வாரம். 120-இல் தொடங்கி 180, 240, 320 உப்புத்தாள். விரலால் பிடித்துத் தேய்த்தால் பள்ளம் இன்னும் பள்ளமாகும். வளையக்கூடிய ஒரு ரப்பர் துண்டில் சுற்றித் தேய்த்தேன். அறையை இருட்டாக்கி ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் மேடு பள்ளம் எல்லாம் நிழலாக விழும். சாம்பல் பிரைமர் அடித்ததும் நான் முடிந்தது என்று நினைத்திருந்த உடலில் பதினோரு இடங்கள் தெரிந்தன. மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், 400 தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பு. "இன்னும் எத்தனை தடவைம்மா இதையே தேய்ப்பே?" என்று மகள் கேட்டாள். அவள் விரலைப் பிடித்து அணியத்திலிருந்து அமரம் வரை தடவ வைத்தேன். பாதி வழியில் "இங்கே ஏதோ தட்டுது" என்றாள். அது பன்னிரண்டாவது.

கிட்டில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு மூன்று அக்ரிலிக் பாட்டில்கள் வருகின்றன. சிவப்பு மிக நன்றாக இருக்கிறது. பழைய கப்பல்களின் அடிப்பாகத்தில் பார்க்கும் மங்கலான செம்மண் சிவப்பு, மூன்று மெல்லிய கோட்டில் மூடிவிட்டது. வெள்ளை தண்ணீர் மாதிரி, ஐந்து கோட் கேட்டது. கறுப்பைச் சோதனைத் துண்டோடு நிறுத்திவிட்டேன். அத்தனை பளபளப்பு 58 சென்டிமீட்டர் கப்பலில் பொம்மைத்தனமாகத் தெரிகிறது. பாதிப் பளபளப்புள்ள வேறு கறுப்பில் ஒரு துளி சாம்பல் கலந்து ஆறு கோட் அடித்தேன். சின்ன அளவில் சுத்தக் கறுப்பு கனமாகத் தெரியும். கொஞ்சம் தணித்தால் தூரத்தில் நிற்கும் நிஜக் கப்பலைப் போல இருக்கும்.

மேலே கறுப்பு, கீழே சிவப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அந்த இரண்டு மி.மீ. வெள்ளைக் கோட்டுக்கு ஒரு வாரம் ஆனது. முதலில் அந்தப் பகுதியை அகலமாக வெள்ளையடித்து நன்றாகக் காயவிட வேண்டும். அதன்மேல் கோட்டின் அகலத்துக்கு டேப் ஒட்டி, மேலே கறுப்பும் கீழே சிவப்பும் அடித்துவிட்டு டேப்பை உரிக்கச் சொல்கிறது கையேடு. நடுப்பகுதியில் இது சரி. அமரத்தில் தவறு. அங்கே உடல் ஏறக்குறையப் படுத்துக்கொண்டு சரிவாக மேலே போகிறது. ஒரே அகல டேப்பை அந்தச் சரிவில் ஒட்டினால் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கோடு மெலிந்து மெலிந்து காணாமல் போகும். பார்வைக்கு இரண்டு மி.மீ. இருக்க வேண்டுமானால் சரிவின்மேல் கோடு அகலமாக வேண்டும்.

சுற்று அதிகமுள்ள பாவாடையின் கீழ் விளிம்பை இடுப்பிலிருந்து அளந்தால் ஏறி இறங்கும். ஆளை நிற்க வைத்துத் தரையிலிருந்து மேலே அளந்து சாக்பீஸால் குறிக்க வேண்டும். கப்பலையும் அப்படித்தான் செய்தேன். தாங்கியில் நீரில் மிதக்கும் நிலையில் நேராக நிறுத்தி, ஒரு மரக்கட்டையில் பென்சிலைக் கட்டி, மேசைமேல் நகர்த்திக்கொண்டே நீர்க்கோட்டின் கீழ் விளிம்பைச் சுற்றிலும் குறித்தேன். பென்சிலை இரண்டு மி.மீ. உயர்த்தி மேல் விளிம்பையும் தனியாகக் குறித்தேன். அந்த இரண்டு கோடுகளுக்கும் தனித்தனியாக டேப்.

இடது பக்கத்தில் டேப்புக்கு அடியில் சிவப்பு கசிந்து, வெள்ளையில் முள் முள்ளாக ஏறியது. பென்சில் முனை அளவு உப்புத்தாளால் தேய்த்து மூன்று இடம் சரிசெய்தேன். வலது பக்கத்தில் டேப் ஒட்டியதும் அதன் விளிம்பின்மேல் முதலில் வெள்ளையையே மெல்லிசாக ஒரு கோட் அடித்தேன். கசிய வேண்டிய இடத்தில் வெள்ளையே கசிந்து அடைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சிவப்பு. டேப்பை உரித்தபோது கத்தியால் வெட்டிய மாதிரி விளிம்பு.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். பாஸ்வுட்டுக்காகவும் துல்லியமாக வெட்டிய வங்குகளுக்காகவும் வாங்கலாம். கீற்று ஒட்டும் பக்கங்களை நம்பி வாங்க வேண்டாம். இதுவே முதல் கிட் என்றால் கொஞ்சம் நேரான உடலுள்ள கப்பலில் தொடங்குங்கள். கறுப்புப் பெயிண்டும் அணியத்துக்கான மரக்கட்டையும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். மிஞ்சிய வால்நட் கீற்றுகளைத் தாங்கிக்கு மேல்பூச்சாக ஒட்டி, எண்ணெய் மட்டும் தடவியிருக்கிறேன். அந்த 14 காகித நாடாக்களையும் வங்கு எண் எழுதி ஒரு உறையில் போட்டுக் கையேட்டின் நடுவில் வைத்திருக்கிறேன்.